ராமநாதபுரம் கடலோரத்துக்குக் குடிபோகும் மதுரைக்காரர்கள் ஊரும் வீடும் பார்ப்பது எப்படி

மதுரையில் வீடு தேடும்போது நாம் கேட்கிற கேள்விகள் வேறு. பஸ் ஸ்டாப் பக்கமா, பள்ளிக்கூடம் பக்கமா, வண்டி நிறுத்த இடம் உண்டா, வாடகை எவ்வளவு என்று கேட்போம். பணிமாறுதலிலோ தொழிலுக்காகவோ ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போகிறவர்கள் பலரும் அதே கேள்விகளோடு போகிறார்கள். கடல் தெரிகிற மாடி வீடு ஒன்றைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். கடலோரத்தில் வீடு பார்க்கும் வரிசை வேறு: முதலில் தண்ணீர், அடுத்து தரை, அதற்கடுத்து காற்று, பிறகு சாலை. வாடகையும் கடல் காட்சியும் இந்த நான்குக்கும் பின்னால்தான் வர வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு ஐப்பசி மழையும் ஒரு சித்திரை வெயிலும் அங்கே வாடகை வீட்டில் கழியாமல் நிலமோ வீடோ வாங்காதீர்கள். இந்த மாவட்டத்தில் ஒரே தெருவுக்கு மழையில் ஒரு முகம், கோடையில் வேறு முகம்.

எந்த ஊர் யாருக்கு

மதுரையோடு உங்களுக்கு எவ்வளவு கட்டு மிச்சமிருக்கிறது என்று முதலில் யோசியுங்கள். வயதான பெற்றோர் மதுரையில் இருந்து, வாரம் ஒருமுறை வந்துபோக வேண்டும் என்றால் பரமக்குடியும் ராமநாதபுரமும்தான் சரி. இரண்டும் மதுரை–ராமேஸ்வரம் ரயில் பாதையிலும் தேசிய நெடுஞ்சாலையிலும் இருக்கின்றன. மதுரையிலிருந்து பரமக்குடி ஏறத்தாழ 75 கி.மீ., ராமநாதபுரம் 110 கி.மீ.க்குச் சற்று மேல். மாட்டுத்தாவணியிலிருந்து பகலெல்லாம் பஸ் உண்டு. பரமக்குடி கடலோர ஊர் அல்ல என்பது குறைபோலத் தோன்றும். உப்புக்காற்று இல்லாத வீட்டில் இருந்துகொண்டு கடலோரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அதுவே வசதி.

ராமநாதபுரம் நகரத்தில் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பட்டணம்காத்தான் பக்கமும் பாரதி நகர் பக்கமும் வெளியூர் அரசு ஊழியர்கள் அதிகம் தேடும் இடங்கள். அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் தொடங்கியபின் நகரத்தை ஒட்டி இருப்பதன் மதிப்பு கூடிவிட்டது. சிறு குழந்தையோ இதய நோயாளியோ வீட்டில் இருந்தால் நாங்கள் வேறு ஊரைச் சொல்லவே மாட்டோம்.

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மணற்பாங்கு. தென்னந்தோப்பு உள்ள ஊர்கள். கிணற்றுத் தண்ணீர் மற்ற இடங்களைவிடப் பரவாயில்லை. தங்கச்சிமடம், பாம்பன், ராமேஸ்வரம் மூன்றும் தீவுக்குள் இருப்பவை. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கீழக்கரை நெருக்கமான பழைய நகரம். ராமநாதபுரத்துக்கு அரைமணி நேரம்தான், கடைவீதியும் குறைவில்லை. தொண்டி, திருவாடானை பக்கம் போனால் அன்றாடத் தேவைக்குத் தேவகோட்டையும் காரைக்குடியும்தான் கிட்டம், மதுரை தூரம். சாயல்குடி, கடலாடி பக்கம் வேலை என்றால் மதுரைக்கு அருப்புக்கோட்டை வழி வர வேண்டும். தண்ணீரும் அங்கே மற்ற இடங்களைவிடச் சிரமம்.

தண்ணீர்

மாவட்டத்தின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர் உவர். குடிக்க வருவது காவிரித் தண்ணீர். திருச்சிப் பக்கம் ஆற்றில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகக் குழாயில் வருகிறது. அவ்வளவு நீளக் குழாயில் எங்காவது உடைப்பு ஏற்பட்டால் சில நாள் வராது. அதனால் ‘காவிரித் தண்ணி வருது சார்’ என்று வீட்டுக்காரர் சொல்வது பாதி பதில்தான். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், வீட்டுக் குழாயிலா தெருக்குழாயிலா என்று நான்கையும் கேளுங்கள். கேட்க வேண்டியதும் வீட்டுக்காரரிடம் அல்ல, பக்கத்து வீட்டில். “அக்கா, நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது? சித்திரையில எப்படி?” என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

நான்கு பேர் குடும்பத்துக்குக் குடிக்க, சமைக்க மட்டும் ஒரு நாளைக்கு 25 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக 400 லிட்டர். ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் 2,000 லிட்டர் சேமிப்பு இல்லாத வீடு உங்களைத் தினமும் வண்டித் தண்ணீருக்கு நிற்க வைக்கும். சம்ப் இருக்கிறதா என்பதோடு, அது எத்தனை தொட்டி என்றும் கேளுங்கள். நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய் உள்ள வீடுதான் இந்த மாவட்டத்தில் ஒழுங்காகக் கட்டிய வீடு. ஒரே சம்ப்பில் இரண்டையும் கலக்கும் வீட்டில் நல்ல தண்ணீரும் பாழ்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் வீடு பார்க்கப் போக வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். அளக்கும் முறை முக்கியம். மேல்தொட்டிக் குழாயில் அளந்தால் பயனில்லை, அதில் இருப்பது நேற்று வாங்கிக் கொட்டிய டேங்கர் தண்ணீராக இருக்கலாம். போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டாரைப் போடச் சொல்லி, அது வெளியே விழும் இடத்தில் முதல் ஐந்து நிமிடத்தில் ஒருமுறை அளங்கள். அரைமணி நேரம் ஓடியபின் மறுபடி அளங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிட நன்றாகக் கூடியிருந்தால் அந்த போர் கோடையில் கைவிடும்.

காரணம் எளிது. கடலோர மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்தபடி நிற்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழே உப்புநீர் எல்லை நாற்பது அடி வரை மேலேறக்கூடும். ஆகவே இங்கே ஆழமாகத் துளைத்த போர் கூடுதல் வசதி அல்ல. மண்டபம், தீவுப் பக்கம் பத்துப் பதினைந்து அடிக் கிணற்றில் இனிப்பாக இருக்கும் தண்ணீர், பக்கத்திலேயே 100 அடி போரில் வாயில் வைக்க முடியாதபடி இருக்கும். நெருக்கமாகப் பல வீடுகள் மோட்டார் போட்டு இழுக்கும் தெருவில் இன்று நல்ல கிணறு நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

மீட்டர் சொல்லாததைப் பருப்பு சொல்லும். அந்தத் தண்ணீரை இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்துவந்து துவரம்பருப்பு வேகவைத்துப் பாருங்கள். சுண்ணச்சத்து கூடின கடினநீரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மசியாது. சோப்பும் நுரைக்காது, வாட்டர் ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டி அது சீக்கிரம் எரிந்துபோகும். ‘ஆர்ஓ போட்டுக்கலாம்’ என்பதும் முழுத் தீர்வு அல்ல. வீட்டு ஆர்ஓ இயந்திரங்கள் பெரும்பாலும் 2,000 டிடிஎஸ் வரைக்குத்தான். அதற்கு மேல் போனால் சவ்வு மாதக்கணக்கிலேயே அடைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் குறைந்தது 50 அடி இடைவெளி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மணலில் கழிவுநீர் வேகமாக இறங்கிப் பரவும்.

தரை

ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். அது வறண்ட மாவட்டம் என்ற நினைப்பில் தாழ்வான இடத்தில் வீடு பிடிக்கிறவர்கள்தான் அந்த மாதங்களில் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைக்கிறார்கள். தரை கிட்டத்தட்ட சமதளம்; மழைநீர் ஓட இடமில்லாமல் நிற்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பகுதியில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் மணல் தீவே ஆனாலும் தெருக்கள் மூழ்கின.

ராமநாதபுரம் நகரத்தைச் சுற்றிக் கண்மாய்கள். மேற்கே பெரிய கண்மாய், பக்கத்திலேயே சக்கரக்கோட்டைக் கண்மாய். வைகை மதுரையைத் தாண்டி, மானாமதுரை, பரமக்குடி வழியாகப் போய்ச் சேருவது அந்தப் பெரிய கண்மாயில்தான். மிஞ்சியது ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் கடலில் விழும். எனவே வைகை அணைச் செய்தி அங்கேயும் உங்களுக்கு வேண்டும். அணையில் 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மதுரை யானைக்கல் தரைப்பாலத்தைத் தண்ணீர் மூடிய செய்தி வந்தால், பரமக்குடி ஆற்றோரத்திலும் பெரிய கண்மாயின் கீழ்ப்பகுதியிலும் இருப்பவர்களுக்குச் சாமான்களை மேலேற்றக் கொஞ்ச அவகாசம் உண்டு.

தெருவைப் படிப்பது எப்படி? போனில் வரும் உயர எண்ணை நம்பாதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசமே பெரிதாக இருக்கும் ஊரில் அந்தக் கணக்கின் பிழையே அதைவிட அதிகம். மதில்சுவரின் வெளிப்பக்கம் பாருங்கள், தண்ணீர் நின்ற உயரத்தில் பழுப்புக் கோடு இருக்கும். தெருவிலுள்ள பழைய வீடுகளின் வாசற்படி எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லா வீட்டுக்கும் நாலைந்து படி இருந்து, உங்களுக்குக் காட்டும் வீட்டுக்கு மட்டும் ஒரே படி என்றால், அந்த ஊர்க்காரர்கள் அறிந்த ஒன்றை இந்த வீட்டைக் கட்டியவர் அறியவில்லை. சாலையை மேல்மேலே போட்டு உயர்த்தியதில் தெருவைவிடத் தாழ்ந்துபோன வீடுகளும் நிறைய உண்டு. அவற்றைச் சுற்றி மழை நாளில் ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும். சீமைக்கருவேலத்தை வெட்டிச் சமன்படுத்திப் புதிதாகக் கல் நட்ட பிளாட்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும். அது கண்மாய் உள்வாயாகவோ (தண்ணீர் தேங்கும் பகுதி) கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலாகவோ இருந்திருக்கலாம்.

காற்று, உப்பு

இந்தக் கரையில் கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல்: தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் வடக்கு. மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல்: கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மண்டபம் தெற்கு. சித்திரை கடைசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று; அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றில் இது தலைகீழாகும். வைகாசியில் போய் தேவிபட்டினக் கரையைப் பார்த்து ‘எவ்வளவு அமைதி’ என்று முடிவெடுத்தால் கார்த்திகையில் வேறு கடலைப் பார்ப்பீர்கள். படுக்கையறை சன்னல் எந்தக் கடலைப் பார்க்கிறது என்று பார்த்து, அந்தக் கடல் பொங்கும் மாதங்களில் அந்தச் சன்னலைத் திறக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அலைத்துளியோடு வரும் உப்பு, கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் மிக அதிகம். உள்ளே போகப்போக வேகமாகக் குறையும். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே, நடுவில் மரங்களோ வீடுகளோ இருக்கும் இடம் என்றால் பாதித் தொல்லை தீர்ந்தது. தினமும் கடலைப் பார்க்க நடந்தோ சைக்கிளிலோ போகலாமே, வீட்டையே அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.

கட்டடத்தைப் பார்க்கும்போது ஒரு டார்ச்சும் ஒரு கம்பும் கையில் இருக்கட்டும். முதலில் சன்ஷேடின் அடிப்பக்கம், அடுத்து குளியலறைக் கூரை, அதன்பின் படிக்கட்டின் அடிப்பகுதி. கம்பி முதலில் துருப்பிடிப்பது இந்த மூன்று இடங்களில்தான். கம்பி போன வழியிலேயே நேர்கோட்டு விரிசலும் அதில் காவிக் கறையும் தெரிந்தால் உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுவதால்தான் கூரை பாளம் பாளமாக விழுகிறது. கம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்க வேண்டும், ‘பொத்’தென்று கேட்கும் இடத்தில் பூச்சு உள்ளே விட்டிருக்கிறது. தொட்டிலோ கட்டிலோ அதற்கு அடியில் போட முடியாது.

சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து உவர்நீர் ஏறுகிறது. சுவரின் கீழ் மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தாலும் அதே பொருள்தான். சுவிட்ச் போர்டுத் திருகுகள், சன்னல் கொக்கிகள், கதவுக் கீல்கள் மூன்றையும் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டு வீட்டிலேயே இவை பொரிந்திருந்தால் உங்கள் ஃபிரிட்ஜுக்கும் அதே கதிதான். ஏசி வாங்குவதானால் செப்புக் குழாய், துருத்தடுப்புப் பூச்சு உள்ளதாகப் பார்த்து, வெளி யூனிட்டைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். பைக்கை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கணக்கு.

மின்கம்பங்களின் பீங்கான்களிலும் இந்த உப்பு படியும். நெடுநாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறலிலும் பனிக்காலத்து விடியற்காலையிலும் அது நனைந்து மின்சாரம் போகும். இன்வெர்ட்டர் வயரிங் ஏற்கெனவே உள்ள வீடு கிடைத்தால் விட வேண்டாம்.

காற்று வாசனையையும் கொண்டுவரும். கருவாடு காயப்போடும் களம், ஐஸ் பேக்டரி, மீன் இறங்குதளம் ஆகியவை எந்தத் திசையில் இருக்கின்றன என்று பாருங்கள். அவை அந்த ஊரின் சோறு. குடிவந்தபின் போய்ப் புகார் சொல்வது நியாயமில்லை, முன்பே தள்ளிப் பார்த்துக்கொள்வதுதான் முறை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் வீடு பார்த்தால் இறங்குதளம் அமைதியாகத் தெரியும். விசைப்படகு வந்து இறங்கும் நாளில், விடியற்காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். இறால் பண்ணைக் குட்டை பக்கத்தில் இருந்தால் மட்டும் அந்த வீட்டைத் தவிருங்கள். குட்டையின் உப்புநீர் சுற்றுக் கிணறுகளுக்குள் இறங்கிவிடும்.

தீவுக்குள் இருப்பதா

ராமேஸ்வரம் தீவுக்குச் சாலை ஒன்றுதான், 1988-ல் திறந்த பாம்பன் பாலம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, தொடர் விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டிகள் பாலத்தின்மேலேயே நின்று படம் எடுக்கும். ரயிலும் ஒரே பாலம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே இல்லை. காற்று வேகம் கூடினால் இன்றும் ரயிலை நிறுத்திவைப்பார்கள். ராமேஸ்வரம் ஊரிலிருந்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 55 கி.மீ., மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 170 கி.மீ. பிரசவம் எதிர்பார்த்திருக்கும் வீடு, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் இருக்கும் வீடு என்றால் வேலை தீவிலேயே இருந்தாலும் குடும்பத்தை உச்சிப்புளி அல்லது ராமநாதபுரத்தில் வைத்துக்கொண்டு போய்வருவது நல்லது. மற்றவர்கள் தீவில் இருக்கலாம். கோயில் பக்கத்துத் தெருக்களில் விடுதிகள் வாடகையை ஏற்றிவிடும். தங்கச்சிமடம் பக்கம் தேடினால் குடும்பம் இருக்கும் தெருக்கள் கிடைக்கும்.

புயல் காலத்தில் பாம்பன் துறைமுகக் கூண்டு எண்ணைச் செய்தியில் கேட்பீர்கள். 1, 2 என்றால் தொலைவில். 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் அபாயம். 8 முதல் பெரிய அபாயம். அருகிலுள்ள புயல் பாதுகாப்பு மையம் எது என்று குடிபோன வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன மாவட்டம் இது.

பேச்சும் பத்திரமும்

நம் பக்கம்போலவே அங்கேயும் ஒத்திக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை இல்லாமல் இருக்க, வீடு உண்டு. தெரியாத ஊரில் முதல் ஆண்டே ஒத்திக்குப் போகாதீர்கள். மொத்தப் பணமும் சிக்கியபின் தண்ணீர் உப்பாகிவிட்டாலும் நகர முடியாது. ஒத்தியும் சட்டப்படி ஓர் அடமானம்தான், அதைப் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு லட்சங்களைக் கொடுப்பது ஆபத்து. வாடகை என்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அலுவலகத்தில் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். ஒப்பந்தத்தில் இரண்டு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: டேங்கர் தண்ணீர்ச் செலவு யாருடையது, கூரைப் பூச்சு விழுந்தால் யார் சரிசெய்வது.

ஓராண்டு கழித்து வாங்கத் தோன்றினால், கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ளும் உப்பங்கழி ஓரத்திலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கட்ட முன்அனுமதி வேண்டும், சில இடங்களில் கட்டவே முடியாது. பட்டா, 30 ஆண்டு வில்லங்கம், புலப்படம் மூன்றோடு, நிலம் என்ன வகை என்று காட்டும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும் பார்த்து அந்த நிலம் நீர்நிலைப் புறம்போக்கு இல்லை என்று உறுதி செய்யுங்கள். கட்டுகிறபோது கடலோரக் காற்று நேரே படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமும் கம்பிக்குமேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் வேண்டும் என்பது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி சொல்வது. மேஸ்திரிகள் வழக்கமாக விடும் முக்கால் அங்குலம் போதாது. கம்பிக்கு அடியில் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் வைத்துக் கட்டுகிறார்களா என்று கான்கிரீட் போடும் அன்று காலையில் நின்று பாருங்கள். கான்கிரீட் கலக்கவும் சுவர் நனைக்கவும் போர் தண்ணீரைத் தொடவிடாமல், அந்த நாட்களுக்கு மட்டும் டேங்கர் வரவழைத்துக்கொள்ளுங்கள்.